பிறந்த தேதியும் வாழ்த்து மனோபாவமும்

1

சென்ற டிசம்பரில் என் கல்லூரி நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து தபாலில் ஒரு நாட்காட்டி அனுப்பியிருந்தார். தினம் ஒரு தாள் கிழிக்கிற ரகம். கடையில் வாங்கியதல்ல. அவரே தொகுத்து, சொந்தச் செலவில் நூறு பிரதி அச்சடித்து, தெரிந்தவர்களுக்கு இனாமாக அனுப்பியது. நம் ஊர் நாட்காட்டியில் ராகுகாலமும் எமகண்டமும் இருக்கிற இடத்தில் இதில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அன்றைய தேதியில் பிறந்தவர்கள். செத்துப்போனவர்கள், இன்று ஆடுகிறவர்கள், எல்லோரும். பெயர், பிறந்த வருஷம், ஊர், ஒரு வரியில் சாதனை. தாளின் அடியில் ஒரு மெழுகுவர்த்திப் படம்.

கூடவே ஒரு கடிதம். "இதைப் பற்றி உன் பத்திரிகையில் நாலு நல்ல வார்த்தை எழுது. எதை எடுத்தாலும் குறை சொல்லிப் பழகிவிட்ட உனக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் அகப்படாது. ஒருவன் பிறந்ததைக் கொண்டாடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?"

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில்.

முதலில் என் யோக்யதையைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பால் மேட்ச் ஒன்றை மைதானத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பி.ஏ. ஆங்கிலத்தில் அமெரிக்க இலக்கியம் ஒரு தாள். மரியான் மூரின் கவிதைகளைப் படிக்கப் போய், அந்த அம்மாள் பெரிய பேஸ்பால் பைத்தியம் என்றும், எண்பது வயதில், 1968இல், யாங்கி மைதானத்தில் அந்த வருஷ ஆட்டத்தை முதல் பந்து எறிந்து தொடங்கிவைத்தவர் என்றும் தெரிந்துகொண்டேன். வார்த்தையை இவ்வளவு சிக்கனமாகச் செலவு செய்கிறவருக்கு அந்த ஆட்டத்தில் என்ன கிடைத்தது என்று தேட ஆரம்பித்தது. பத்து வருஷமாக, வங்கிக்குப் போகுமுன் காலையில், அங்கே முந்தைய ராத்திரி நடந்த ஆட்டத்தின் விவரங்களைப் படிக்காமல் எனக்குக் காப்பி இறங்குவதில்லை. ஆகவே ஆட்டத்தின் மேல் எனக்குத் துவேஷம் கிடையாது. துவேஷமெல்லாம் மெழுகுவர்த்தியின் மேல்தான்.

2

நாட்காட்டிக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டே சண்டைக்குப் போக வேண்டும். நண்பர் உழைத்திருக்கிறார். நட்சத்திரங்களோடு நிற்காமல், ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்களையும் சேர்த்திருக்கிறார். இது பெரிய மனசு. சில தாள்களைப் பார்த்து நானே அசந்துபோனேன். நவம்பர் 21ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான் மியூசியல், 1920. கென் கிரிஃபி ஜூனியர், 1969. ஒரே தேதி மட்டுமல்ல, பென்சில்வேனியாவில் டோனோரா என்ற ஒரே சிற்றூர். இருவரும் இடது கைக்காரர்கள். இருவரும் கூப்பர்ஸ்டவுனில் இருக்கிற 'ஹால் ஆஃப் ஃபேம்' என்னும் கீர்த்தி மண்டபத்தில் இடம் பெற்றவர்கள். "என்ன ஒரு அதிசயம்!" என்று நண்பர் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார்.

அதிசயம்தான். ஆனால் டோனோரா எப்படிப்பட்ட ஊர்? எஃகு ஆலையும் துத்தநாக ஆலையும் இருந்த ஊர். 1948 அக்டோபர் கடைசியில் ஆலைப் புகை மூடுபனியோடு கலந்து நாட்கணக்கில் ஊரின் மேல் கவிந்துகொண்டதில் 20 பேர் மூச்சுத் திணறிச் செத்த ஊர். மியூசியலின் தந்தை போலந்திலிருந்து வந்த ஆலைத் தொழிலாளி. கிரிஃபியின் தந்தையும் அதே ஊரில் பிறந்து பேஸ்பால் ஆடி முன்னுக்கு வந்தவர். ஆலை வாசலைத் தவிர்க்க நினைத்த பையனுக்கு அப்படிப்பட்ட ஊரில் எத்தனை வழிகள் இருந்திருக்கும்? ஒரே தேதி என்பது தற்செயல். ஒரே ஊர் என்பதைத் தற்செயல் என்று அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. தற்செயல் நமக்கு வியப்பைத் தருகிறது, காரணம் சங்கடத்தைத் தருகிறது. இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் வாழ்த்து மனோபாவம் தவறாமல் வியப்பைத்தான் எடுக்கும். என் முதல் புகார் இது. பெரிய புகார்கள் இனிமேல்தான்.

3

பிறந்த தேதி இயற்கை தருவது என்று நண்பர் நினைக்கிறார். அதைத் தருவது குமாஸ்தா என்பது குமாஸ்தாவான எனக்குத் தெரியும்.

என் கவுண்ட்டருக்கு வருகிற வயதானவர்களில் எத்தனையோ பேருக்குப் பிறந்த மாதம் ஜூன். அந்த மாதத்தில் மட்டும் அப்படியென்ன பிறப்பு? பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் என்பதைத் தவிர வேறு விசேஷமில்லை. கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டுவிட்ட பிள்ளைக்கு ஐந்து வயது என்று வாத்தியார் தீர்மானித்து ஒரு தேதியைப் போட்டார். அந்தத் தேதிதான் பிறகு வேலை கொடுத்தது, வேலையிலிருந்து அனுப்பியது, இன்று டெபாசிட்டுக்கு மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டி தருகிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மாள் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். இறந்து இரண்டு வருஷமாகிவிட்ட அவர் கணவருக்கு வங்கியின் பிறந்தநாள் வாழ்த்து. கணக்கை முடிக்காததால் கணிப்பொறி அனுப்பியிருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் அவர் சொன்னது: "அவரு பொறந்தது ஐப்பசியில சார். இது பள்ளிக்கூடத்துல போட்டது." செத்தவருக்கு வாழ்த்து வந்தது அவருக்கு உறைக்கவில்லை. தப்பான தேதிக்கு வந்ததுதான் உறைத்தது.

இந்த அம்மாளின் காதோடு நாட்காட்டியைப் புரட்டுங்கள். பிப்ரவரி 6: பேப் ரூத், 1895, பால்டிமோர். அமெரிக்காவே தெய்வமாக்கிய ஆட்டக்காரர். ஆனால் தன் வாழ்நாளில் பெரும்பகுதி தாம் பிறந்தது 1894 பிப்ரவரி 7 என்றே அவர் நம்பியிருந்தார். 1934இல் ஜப்பான் பயணத்துக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் சான்றிதழ் வேறு சொல்வது தெரிந்தது. ஏழு வயதில் ஒரு சீர்திருத்தப் பள்ளியில் கொண்டுபோய் விடப்பட்ட பையன் அவர். பிறந்த தேதியைச் சரியாக நினைவில் வைத்திருந்து அவருக்குச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. தாளில் இருப்பது 6. அந்த 6 எங்கிருந்து வந்தது என்ற கதை தாளில் இல்லை. அந்தக் கதைதான் பேப் ரூத்.

ஜூலை 7: சாச்சல் பெய்ஜ், 1906, அலபாமாவில் மொபீல். பந்து எறிகிறவர், அவர்கள் பாஷையில் பிட்சர். அவர் வயது என்ன என்பது ஒரு தேசிய ஹாஸ்யமாகவே இருந்தது. சான்றிதழை வைத்திருந்த பைபிளை ஆடு தின்றுவிட்டது என்று அவரே கதை விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் வயதை மறைக்க வேண்டியிருந்தது என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். கறுப்பர் என்பதால் பெரிய லீகுகளில் ஆட அவரை விடவில்லை. உச்சத்தில் இருந்த இருபது வருஷங்களும் கறுப்பர் லீகுகளிலும் ஊர் ஊராகச் சுற்றிய கண்காட்சி ஆட்டங்களிலும் கழிந்தன. 1948 ஜூலை 7ஆம் தேதி கிளீவ்லாந்து டீம் அவரோடு ஒப்பந்தம் செய்தது. அன்று அவருக்கு 42 முடிந்தது. மற்றவர்கள் ஓய்வுபெறுகிற வயதில் அவர் 'புதுமுகம்'. 1965 செப்டம்பரில், 59 வயதில், கான்சாஸ் சிட்டி டீமுக்காக மூன்று இன்னிங்ஸ் எறிந்து எதிர்க் கட்சிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் டீம் முதலாளி அவருக்கு மைதானத்தோரம் ஒரு ஆடும் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார், கூட்டம் வேடிக்கை பார்க்க.

குமாஸ்தாவின் கண்ணுக்குப் படுகிற இன்னொரு விவரம் உண்டு. பெய்ஜுக்குப் பென்ஷன் கிடைக்க 158 நாள் சர்வீஸ் குறைந்தது. 1968இல் அட்லாண்டா டீம் அவரைச் சம்பளப் பட்டியலில் சேர்த்து அந்த நாட்களை நிரப்ப வழி செய்தது. இருபது வருஷம் வாசலில் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு 158 நாளைக்குக் கணக்குப் பார்த்த ஒரு ஸ்தாபனம்! ஜூலை 7ஆம் தேதித் தாளில் நண்பர் எழுதியிருப்பது: "வயதை வென்ற அதிசய மனிதர்." வென்றது வயதையல்ல. அந்த வயது வரை அவரைக் காக்கவைத்தவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது தாளில் இல்லை.

இனி மே 25: மிகேல் தெஹாதா, 1974, டொமினிகன் குடியரசு. 2008 ஏப்ரல் வரை இதே நாட்காட்டியை அச்சடித்திருந்தால் 1976 என்று போட்டிருக்கும். பத்தொன்பது வயதில் ஒப்பந்தம் செய்யும்போது பதினேழு என்று சொல்லியிருந்தார். அவர் நாட்டில் ஏழைப் பையன்களைப் பதினாறு வயதில் ஒப்பந்தம் செய்கிறார்கள். பல காலம் ஜூலை 2 அதற்கான சந்தை நாள், பின்னால் அது ஜனவரி 15க்கு மாறியது. பதினாறு வயதுப் பையனுக்கு ஒரு விலை. அதே உயரம், அதே வேகம், ஆனால் பத்தொன்பது என்றால் விலை மிகக் குறைவு, பல சமயம் விலையே இல்லை. ஆகவே அங்கே பிறந்த தேதி திருத்தப்படுகிறது, சிலசமயம் பெயரே மாற்றப்படுகிறது. ஃபௌஸ்தோ கார்மோனா என்ற பெயரில் வருஷக்கணக்கில் ஆடிய பிட்சர் உண்மையில் ரொபெர்த்தோ ஹெர்னாந்தெஸ் என்றும், சொன்னதைவிட மூன்று வயது மூத்தவர் என்றும் 2012இல் தெரிந்து கைதானார். பொய் சொன்னவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பிறந்த தேதிக்கு விலை வைத்தவன் முதலில் யார் என்று கேட்காமல் மெழுகுவர்த்தி ஏற்ற எனக்குக் கை வரவில்லை.

இதில் இன்னொரு விநோதம். இந்தப் பையன்களின் போலிச் சான்றிதழைக் கண்டு முகம் சுளிக்கிற அந்த ஆட்டத்தின் பிறந்தநாளே போலி. பேஸ்பால் இங்கிலாந்தின் பழைய பிள்ளை விளையாட்டுகளிலிருந்து வந்தது என்று ஹென்றி சாட்விக் எழுதியது தேசாபிமானிகளுக்குப் பொறுக்கவில்லை. 1905இல் ஒரு கமிஷன் போட்டார்கள். 1839இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே கண்டுபிடித்தார் என்று ஒரு கிழவரின் ஞாபகத்தை நம்பி 1907 கடைசியில் கமிஷன் தீர்ப்புச் சொன்னது. 1839இல் டபுள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் மாணவர். அப்புறம் பெரிய ராணுவத் தளபதியாகி 1893இல் இறந்த அந்த மனிதர் தாம் ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடித்ததாக எங்கும் உரிமை கொண்டாடியதில்லை. ஆனாலும் அந்தப் பொய்யின் நூற்றாண்டு விழாவாக 1939 ஜூன் 12ஆம் தேதி கீர்த்தி மண்டபத்தைத் திறந்தார்கள். விழாவுக்கு தேதி தேவைப்பட்டது, தேதியைச் செய்துகொண்டார்கள். டொமினிகன் பையன் செய்தால் மோசடி, ஸ்தாபனம் செய்தால் பாரம்பரியம்.

4

வாழ்த்துகிறவர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள்: "பிறந்தநாளன்று ஒருவனுடைய குறையையா பேசுவது?" சரியான வாதம், வீட்டில். மாமாவின் பிறந்தநாளன்று அவர் கடனைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் வீட்டு மரியாதையைச் சரித்திரத்துக்குப் பொருத்தினால் அதற்குப் பொதுமன்னிப்பு என்று பெயர். நாட்காட்டி வருஷத்துக்கு 365 பொதுமன்னிப்பு வழங்குகிறது.

ஏப்ரல் 15. 1947இல் அன்றுதான் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டீமுக்கு ஆடி, அந்த நூற்றாண்டில் அதுவரை இருந்த நிறத்தடையை உடைத்தார். 1997இல் அவருடைய 42ஆம் எண்ணை எல்லா டீம்களும் ஓய்வு கொடுத்து நிறுத்திவைத்தன. 2004 முதல் அது ஒரு விழா நாள். 2009 முதல் அன்றைக்கு ஆடுகிற எல்லோரும் 42ஆம் எண் சட்டையையே போடுகிறார்கள். அவர் பிறந்தது ஜனவரி 31, 1919. விழா அன்றைக்கல்ல, அவர் காரியம் செய்த நாளில். இது எனக்குச் சம்மதம். ஒருவன் பிறந்தது அவன் சாதனையல்லவே.

ஆனால் இரண்டு தாள் தள்ளிப் பாருங்கள். ஏப்ரல் 17: கேப் ஆன்சன், 1852, "பத்தொன்பதாம் நூற்றாண்டின் மகத்தான ஆட்டக்காரர்". அதே மெழுகுவர்த்தி. இந்த ஆன்சன் 1883இல் டொலீடோவில், எதிர் டீமில் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் இருந்ததற்காக ஆட மாட்டேன் என்று அடம் பிடித்தவர். பணம் போய்விடும் என்றதும் ஆடினார். 1887 ஜூலையில் நியூவார்க்கில் ஜார்ஜ் ஸ்டோவி என்ற கறுப்புப் பிட்சரை எதிர்த்து ஆட அவர் டீம் மறுத்தது. அதே நாளில்தான் அந்த லீகின் முதலாளிகள் இனிமேல் கறுப்பர்களோடு ஒப்பந்தம் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். தடையை ஒருவரே ஏற்படுத்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராபின்சன் உடைத்த சுவரில் ஆன்சன் வைத்த கல் இருந்தது. 15ஆம் தேதி சுவர் உடைந்ததற்கு விழா. 17ஆம் தேதி சுவர் எழுப்பியவருக்கு வாழ்த்து. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு தாள். நண்பர் இரண்டையும் ஒரே புன்னகையோடு கிழிப்பார்.

பிப்ரவரியிலும் இப்படியொரு அண்டை வீடு. பிப்ரவரி 5, ஹாங்க் ஆரன், 1934. பிப்ரவரி 6, பேப் ரூத். ரூத்தின் 714 ஹோம் ரன் கணக்கை ஆரன் 1974 ஏப்ரல் 8ஆம் தேதி தாண்டினார். கிரிக்கெட் வாசகர்களுக்கு: ஹோம் ரன் என்பது சிக்ஸரின் அண்ணன். தாண்டுவதற்கு முன் ஆரனுக்கு வந்த கடிதங்களில் கொலை மிரட்டல்கள் இருந்தன. வெள்ளைத் தெய்வத்தின் கணக்கைக் கறுப்பன் தொடக் கூடாது என்பதே விஷயம். அவர் காவலோடு நடமாடினார். அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார், மறக்கக் கூடாது என்பதற்காக. அவருக்குத் தெரிந்தது நாட்காட்டி தயாரிக்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 21. ஜாஷ் கிப்சன், 1911. கறுப்பர் லீகுகளின் ஆகப் பெரிய மட்டையாளர். 1947 ஜனவரி 20ஆம் தேதி, 35 வயதில் இறந்தார். ராபின்சன் களமிறங்க மூன்று மாதம்கூட இல்லை. பிட்ஸ்பர்க்கில் அவர் கல்லறையில் 1975 வரை ஒரு பெயர்க்கல் இல்லை. 2020 டிசம்பரில் கறுப்பர் லீகுகளையும் பெரிய லீகுகளாக ஏற்பதாக அறிவித்தார்கள். 2024 மே மாதம் அந்தக் கணக்குகளைச் சேர்த்தபோது டை காப்பைத் தாண்டி, .372 என்ற வாழ்நாள் சராசரியோடு, கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். இறந்து 77 வருஷம் கழித்து. அந்த டிசம்பரிலிருந்து அவருக்கும் மெழுகுவர்த்தி. உயிரோடு இருந்த 35 பிறந்தநாட்களில் ஒன்றிலாவது இவர்களில் ஒருவர் கதவைத் திறந்திருந்தால் போதுமே.

5

"பட்டியல் ஒரு பாவமும் செய்யாது" என்று நண்பர் சொல்வார். செய்யும் என்பதற்கு ஒரு அத்தாட்சி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 18: கர்ட் ஃப்ளட், 1938. தாளில் "ஏழு தங்கக் கையுறை விருதுகள்" என்று மட்டும் இருக்கிறது. 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமலேயே செயின்ட் லூயிஸ் டீம் அவரை பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அக்காலத்தில் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. ஒரு டீமில் கையெழுத்துப் போட்டவன் அந்த டீம் விடுகிற வரை அதன் சொத்து. முதலாளி விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், அவனாகப் போக முடியாது. வருஷத்துக்கு 90,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்த ஃப்ளட், போக மாட்டேன் என்றார். தாம் வாங்கி விற்கிற சரக்கல்ல என்று டிசம்பர் 24ஆம் தேதி கமிஷனருக்கு எழுதிவிட்டு வழக்குப் போட்டார். 1970இல் விசாரணை நடந்தபோது, அன்று ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவர்கூடக் கோர்ட்டுப் பக்கம் வரவில்லை. ஓய்வுபெற்று, நோயாளியாக இருந்த ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார்.

1972 ஜூன் 19ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் 5க்கு 3 என்று ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஹாரி பிளாக்மன். அந்தத் தீர்ப்பின் முதல் பகுதியில் சட்டம் இல்லை. பேஸ்பாலின் பொற்கால வருணனை. அதற்குள் எண்பதுக்கு மேற்பட்ட பெயர்களின் பட்டியல். டை காப், பேப் ரூத், லூ கெரிக் என்று வாய் நிறைய உச்சரித்துக்கொண்டே போகிறது. பிறகு, மற்ற தொழில்களுக்கு உள்ள போட்டிச் சட்டம் பேஸ்பாலுக்கு மட்டும் பொருந்தாமலிருப்பது ஒரு முரண் என்று ஒப்புக்கொண்டு, அதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைகழுவுகிறது. தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதிகளிலேயே இருவர் அந்த முதல் பகுதியோடு மட்டும் தங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஒரு உயிருள்ள ஆட்டக்காரன் வாசலில் நின்று நியாயம் கேட்கிறான். உள்ளே செத்த ஆட்டக்காரர்களின் பெயர்களை ரசித்துப் படிக்கிறார்கள். நண்பரின் நாட்காட்டிக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடையாது. தீர்ப்பு வெளியான ஜூன் 19, கெரிக் பிறந்த தேதியும்கூட. அன்றைய தாளில் கெரிக் இருக்கிறார், ஃப்ளட் இல்லை. அந்த ஷரத்து 1975 டிசம்பரில் வேறு இருவருடைய புகாரில் ஒரு மத்தியஸ்தர் தீர்ப்பால் உடைந்தது. அதற்குள் ஃப்ளட்டின் ஆட்ட வாழ்க்கை முடிந்துபோயிருந்தது. அதன் பலனைப் பின்னால் வந்த ஒவ்வொரு ஆட்டக்காரரும் அனுபவித்தார். இன்று ஆடுகிறவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற நண்பர், அவர்கள் வாங்குகிற சம்பளத்துக்கு யார் விலை கொடுத்தது என்பதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். இடம் இல்லையாம். மெழுகுவர்த்திக்கு இடம் இருந்திருக்கிறது.

6

கடைசியாக ஒரு தாள். ஜூன் 8: எடி கெடல், 1925. நண்பர் எழுதியிருக்கிறார்: "3 அடி 7 அங்குலம். லீக் சரித்திரத்தில் ஆகக் குள்ளமானவர்!" பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.

1951 ஆகஸ்ட் 19ஆம் தேதி செயின்ட் லூயிஸில் அமெரிக்கன் லீகின் ஐம்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். டீம் முதலாளி பில் வீக். அன்றைய இரண்டு மேட்சுகளுக்கு நடுவில் ஒரு ராட்சசக் காகிதக் கேக்கை மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள்ளிருந்து கெடல் வெளியே வந்தார். முதுகில் எண்: எட்டில் ஒன்று. இரண்டாவது மேட்சில் அவரை மட்டை பிடிக்க அனுப்பினார்கள். டெட்ராய்ட் பிட்சர் பாப் கெய்ன் நாலு பந்து எறிந்தார், நாலும் கெடலின் தலைக்கு மேல் போயின. விதிப்படி கெடல் முதல் தளத்துக்கு நடந்து போனார், அங்கே அவருக்குப் பதில் வேறொருவர் ஓட வந்தார். மறுநாளே லீக் தலைவர் அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். அவ்வளவுதான் அவர் ஆட்ட வாழ்க்கை.

பில் வீக் கொடியவர் அல்ல. அதே வீக்தான் லாரி டோபியையும் சாச்சல் பெய்ஜையும் கிளீவ்லாந்துக்குக் கொண்டுவந்தவர். நல்லவர்கள் நடத்துகிற பிறந்தநாள் விழாவிலும் கேக்குக்குள் ஒருவர் அடைபட்டிருக்கிறார் என்பதுதான் நான் சொல்ல வருவது. பிறந்தநாள் லீகுடையது. கைதட்டல் வீக்குக்கு. இருட்டில் காகிதக் கேக்குக்குள் முறை வருகிற வரை உட்கார்ந்திருந்தவர் கெடல்.

அவர் 1961 ஜூன் 18ஆம் தேதி, 36 முடிந்து பத்தாம் நாள், சிகாகோவில் தம் வீட்டில் இறந்து கிடந்தார், உடம்பில் அடிபட்ட காயங்களோடு. சவ அடக்கத்துக்கு பேஸ்பால் உலகத்திலிருந்து வந்தவர் ஒரே ஒருவர்: அந்த நாலு பந்தையும் எறிந்த பாப் கெய்ன்.

கெய்னைக் கேலிக்கூத்தில் ஒரு கருவியாக்கினார்கள். அவருக்குக் கோபம் வந்திருக்க நியாயமுண்டு. பத்து வருஷம் கழித்து அவர் கெடலுக்காகப் பயணப்பட்டுப் போனார். எனக்குத் தெரிந்து பேஸ்பாலில் ஒரு சக மனிதனுக்குச் செலுத்தப்பட்ட உண்மையான மரியாதைகளில் இது ஒன்று. இதற்கு வாழ்த்து அட்டையில் வார்த்தை கிடையாது. ஜூன் 18ஆம் தேதித் தாளில் கெடல் பெயரும் இல்லை, கெய்ன் பெயரும் இல்லை. அன்றைக்கு இருவரும் பிறக்கவில்லை அல்லவா.

7

அப்படியானால் பிறந்த தேதியே வேண்டாமா? வேண்டும். அதைத் தேடுகிறவர்கள் வேண்டும்.

கூப்பர்ஸ்டவுன் நூலகத்தில் சரித்திரக்காரராக இருந்த லீ ஆலன், இருபதாவது முப்பதாவது வரிசை ஆட்டக்காரர்கள் எங்கே பிறந்தார்கள், எங்கே செத்தார்கள் என்று கண்டுபிடிக்கவே ஆயுளில் பெரும்பகுதியைச் செலவழித்தார். அந்த மாதிரி உழைப்பில்தான் 1969இன் பெரிய பேஸ்பால் கலைக்களஞ்சியம் உருவாயிற்று. 1971 ஆகஸ்டில் அதே கூப்பர்ஸ்டவுனில் கூடி ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கியவர்கள் பழைய ஜனன மரணப் பதிவேடுகளையும் மயானங்களையும் துழாவி விடுபட்ட தேதிகளை நிரப்பினார்கள். கறுப்பர் லீக் ஆட்டக்காரர்களின் பெயரில்லாத கல்லறைகளைத் தேடிப் பிடித்துக் கல் நட்டவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் யாரும் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. 'இந்தத் தேதி சரிதானா, யார் சொன்னது, ஏன் அப்படிச் சொன்னார்' என்று கேட்டார்கள். அதைத்தான் நான் விமர்சனம் என்கிறேன். நண்பரின் நாட்காட்டி இவர்கள் உழைப்பை எடுத்துக்கொண்டு இவர்கள் கேள்வியை மட்டும் விட்டுவிட்டது.

யாருக்கு நஷ்டம் என்று நண்பர் கேட்டார். 365 நாளும் எல்லோரையும் ஒரே அளவு வாழ்த்தினால் அவமானப்பட்டவருக்கும் அவமானப்படுத்தியவருக்கும் வித்தியாசம் அழிந்துபோகிறது. அந்த வித்தியாசத்தைத் தவிர பெய்ஜிடமும் கிப்சனிடமும் ஃப்ளட்டிடமும் வேறு சொத்து எதையும் விட்டுவைக்கவில்லை. இப்போது அதையும் எடுத்துக்கொள்கிறார்கள், கேக் கொடுத்துவிட்டு. நஷ்டம் அவர்களுக்கு.

நாட்காட்டியை நான் கிழிக்கவில்லை. தாள்களின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஒவ்வொன்றாக அங்கே எழுதிக்கொண்டு வருகிறேன். ஏப்ரல் 17க்கு இடம் போதவில்லை. வருஷம் முடிந்ததும் முழுக் கட்டையும் நண்பருக்கே திருப்பி அனுப்புவதாக உத்தேசம். அடுத்த வருஷத்துக்கு அச்சடிக்குமுன் அவர் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும். பதில் இருந்தால் எழுதட்டும். பக்கம் ஒதுக்குவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.